ஆயிரம் குறைகளை ஒரே கட்டளையில் பதியலாம். ஒரே கட்டளையில் மூடலாமா?

புதிதாகக் கட்டிய வீட்டில் குடிபுகுமுன்னர், வீட்டுக்காரர் மேசனையும் அழைத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றிப் பார்ப்பது எமது ஊர்களில் வழக்கம். குளியலறைச் சுவரில் ஈரக்கசிவு, பின்வாசல் கதவு நிலையுடன் பொருந்தவில்லை, மூன்றாவது படியில் பூச்சு வெடித்திருக்கிறது என்று குறைகள் ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதப்படும். மேசன் திருத்தி முடித்ததும் வீட்டுக்காரர் மீண்டும் வந்து, கையால் தடவிப் பார்த்து, திருப்தி ஏற்பட்டால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுப்பார். கொப்பியின் ஒரு பக்கத்துடன் முடிந்துவிடும் அலுவல் இது.

ஆனால் ஒரு வீடு என்பது பல்லாயிரம் வீடுகளாகும்போது நிலைமை வேறு. யுத்தம் முடிவடைந்த பின்னர் 2010 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 50 ஆயிரம் வீடுகள் உள்ளடக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 46 ஆயிரம் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கும் 4 ஆயிரம் மலையகத்துக்கும் உரியவை. அத்தகைய திட்டமொன்றில் வீடொன்றுக்கு மூன்று குறைகள் மாத்திரமே காணப்படுவதாக வைத்துக்கொண்டாலும், வடக்கு, கிழக்கில் மட்டும் ஓர் இலட்சத்து 38 ஆயிரம் வரிகள் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மீளப் பார்வையிடப்பட்டு, மூடப்பட வேண்டும். கொப்பியும் பேனையும் இங்கு உதவமாட்டா.

இதனாலேயே பாரிய கட்டட வேலைத்தளங்கள் குறைகளைக் கணினியில் பதியத் தொடங்கின. கொழும்பின் அடுக்குமாடிகள் முதல் டோஹா, துபாய், ரியாத் நகரங்களின் பெருந்திட்டங்கள் வரை இன்று இந்நடைமுறை பரவியிருக்கிறது. வளைகுடா நாடுகளில் பொறியியலாளர்களாகவும் கணிய அளவையாளர்களாகவும் பணிபுரியும் எமது தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் பலர் இப்பதிவுகளுடன்தான் நாளாந்தம் மல்லுக்கட்டுகின்றனர். ஆயிரக்கணக்கான குறைகளை ஒரே தடவையில் கணினி அமைப்புக்குள் செலுத்துவதும், ஒரே தடவையில் திருத்துவதும் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றில் மறைந்திருக்கும் ஆபத்து யாது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

குறைப்பதிவு என்பது யாது?

கட்டட நிர்மாண மென்பொருள்களில் குறைப்பதிவு என்பது வெறும் ஒரு வாக்கியமன்று. அது பல கட்டங்களைக் கொண்ட ஒரு படிவம். குறையின் தலைப்பு, அதன் வகை, கட்டடத்தில் அது காணப்படும் இடம், கண்டுபிடித்த நாள், திருத்த வேண்டியவர், திருத்தி முடிக்க வேண்டிய நாள், புகைப்படம், தற்போதைய நிலை ஆகியன அதில் அடங்கும்.

இவற்றுள் 'நிலை' என்ற கட்டமே மிக முக்கியமானது. உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஒட்டோடெஸ்க் நிறுவனத்தின் நிர்மாண மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒரு குறை வரைவாக இருக்கலாம், திறந்திருக்கலாம், வேலை நடைபெறுவதாக இருக்கலாம், முடிந்ததாக இருக்கலாம், மீளாய்வில் இருக்கலாம், ஏற்றுக்கொள்ளப்படாததாக இருக்கலாம், இறுதியில் மூடப்பட்டதாக இருக்கலாம். 'முடிந்தது' என்பதும் 'மூடப்பட்டது' என்பதும் அங்கு வெவ்வேறாக வைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. வேலையைச் செய்தவர் 'முடிந்தது' என்று கூறலாம். அதை நேரில் பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே 'மூடப்பட்டது' என்று கூற வேண்டும். மேசனின் சொல்லுக்கும் வீட்டுக்காரர் இழுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இது.

கருமபீடமும் இடைமுகமும்

ஒருவர் திரையின் முன் அமர்ந்து படிவங்களை ஒவ்வொன்றாக நிரப்புவாராயின் ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடமேனும் செல்லும். ஆயிரம் பதிவுகளுக்கு இரண்டாயிரம் நிமிடங்கள், அதாவது 33 மணித்தியாலங்களுக்கு மேல். அதே விபரங்கள் ஏற்கனவே ஓர் எக்செல் அட்டவணையிலோ, வேறொரு மென்பொருளிலோ இருக்கும்போது அவற்றை மீண்டும் தட்டச்சு செய்வது வீண் உழைப்பு. போதாக்குறைக்கு, தட்டச்சுப் பிழைகளும் புகுந்துவிடும்.

இங்குதான் 'ஏ.பி.ஐ.' எனப்படும் பிரயோக நிரல் இடைமுகம் உதவிக்கு வருகின்றது. பெயர் கடினமாகத் தோன்றினாலும் பொருள் எளிது. கச்சேரியின் கருமபீடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கோவைகள் எங்கே அடுக்கப்பட்டுள்ளன என்பதை நாம் அறிய வேண்டியதில்லை. குறிப்பிட்ட படிவத்தை, குறிப்பிட்ட முறையில் நிரப்பிக் கொடுத்தால் வேலை நடைபெறும். தவறாக நிரப்பினால் காரணம் கூறித் திருப்பி அனுப்புவார்கள். இடைமுகமும் இத்தகையதொரு கருமபீடமே. ஆனால் இதன் முன்னால் நிற்பது மனிதரன்று, இன்னொரு கணினி நிரல். ஆதலால் அது களைப்பின்றி இரவு முழுவதும் படிவங்களை நீட்டிக்கொண்டேயிருக்கும்.

கருமபீடம் கொடுக்கும் பதில்கள் இலக்கங்களாக அமைகின்றன. 201 எனில் புதிய பதிவு உருவாகிவிட்டது. 400 எனில் படிவத்தில் பிழை. 429 எனில் குறுகிய நேரத்தில் அளவுக்கதிகமான கோரிக்கைகள் வந்துவிட்டன, சற்றுப் பொறுத்து வரவும் என்பது பொருள். நிரலை எழுதுபவர் இப்பதில்களை வாசித்து நடக்குமாறு அதனைப் பழக்க வேண்டும். வாசிக்காத நிரல், கருமபீடம் மூடப்பட்டதையும் அறியாது படிவங்களை நீட்டிக்கொண்டிருக்கும்.

மொத்தமாக உருவாக்குதல்

எல்லா அமைப்புகளும் ஒரே விதமாகத் தொகுதிகளைப் பெற்றுக்கொள்வதில்லை. சிலவற்றில் நிரலானது பதிவுகளை ஒவ்வொன்றாக, ஆனால் மிக விரைவாக அனுப்ப வேண்டும். வேறு சிலவற்றில் ஒரு தொகுதியையே ஒரே கோரிக்கையில் கையளிக்கலாம். புரோகோர் நிறுவனத்தின் இடைமுகத்தில் சில வகைப் பதிவுகளுக்கு அத்தகைய ஒத்திசைவு வசதி உண்டு. அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பதிவுகள் ஒரு பட்டியலாகவும் நிராகரிக்கப்பட்டவை இன்னொரு பட்டியலாகவும் திரும்பி வரும்.

எம்முறையாயினும் முதலாவது சிக்கல் மொழிபெயர்ப்புத்தான். எக்செல் அட்டவணையில் 'நீர்க்கசிவு' என்று எழுதியிருப்போம். கணினி அமைப்போ குறையின் வகைக்குரிய நீண்ட அடையாளக் குறியீட்டையே கேட்கும். ஒட்டோடெஸ்க் மென்பொருளில் தலைப்பு, நிலை, உபவகையின் அடையாளக் குறியீடு ஆகியன இன்றிப் பதிவு உருவாகாது. எனவே எமது சொற்களுக்கும் அமைப்பின் குறியீடுகளுக்கும் இடையே ஒப்பீட்டு அட்டவணையொன்றை முதலில் தயாரிக்க வேண்டும். அதில் ஒரு வரி தவறினால், ஆயிரம் பதிவுகளும் தவறான வகையில் போய் விழும்.

இரண்டாவது சிக்கல் எமது மொழிக்கே உரியது. இலங்கையில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் புழக்கத்தில் உள்ளன. அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அவை ஆங்கில எழுத்துக்களே. அவ்வாறான அட்டவணையை அப்படியே அனுப்பினால், மறுபுறத்தில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையே வந்து சேரும். முதலில் யுனிகோட் முறைக்கு மாற்றிய பின்னரே அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, இணைப்பு அறுந்துபோதல். ஆயிரம் பதிவுகளில் 600 ஆவது அனுப்பப்படும்போது இணையம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவு மறுபுறம் சேர்ந்ததா, இல்லையா? தெரியாத நிலையில் முதலிலிருந்து மீண்டும் அனுப்பினால் 599 குறைகள் இரட்டிப்பாகிவிடும். ஒரே விரிசலைத் திருத்த இரு குழுக்கள் வந்து நிற்பதும், ஒன்று மூடப்பட்டும் மற்றையது திறந்தும் கிடப்பதும் இதன் விளைவுகள். இதற்கான மருந்து எளியது. ஒவ்வொரு குறைக்கும் நாமே ஓர் இலக்கத்தைச் சூட்டி, அதையும் பதிவுடன் அனுப்ப வேண்டும். மீண்டும் தொடங்கும்போது, அந்த இலக்கம் ஏற்கனவே இருக்கிறதா என்று நிரல் முதலில் கேட்கும். இருந்தால் தாண்டிச் செல்லும்.

நான்காவது, புகைப்படங்கள். எழுத்து விபரங்களும் படங்களும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளில் அனுப்பப்பட்டுப் பின்னர் இணைக்கப்படுகின்றன. அவசரத்தில் எழுத்து மாத்திரம் போய்ச் சேர்ந்து படம் பின்தங்கிவிடுவதுண்டு. 'ஏழாம் மாடித் தூணில் விரிசல்' என்ற வரி இருக்கும். எந்தத் தூண், எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும் படம் இராது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். முதலில் ஐந்து பதிவுகளை மாத்திரம் வரைவு நிலையில் அனுப்பி, திரையில் திறந்து பார்த்து, வகையும் இடமும் மொழியும் படமும் சரியென உறுதிப்படுத்திய பின்னரே மிகுதியை அனுப்புவது இத்துறையில் அனுபவப்பட்டோர் கைக்கொள்ளும் வழிமுறையாகும்.

மொத்தமாகத் திருத்துதல்

உருவாக்குவதை விடத் திருத்துவது ஆபத்தானது. ஏனெனில் உருவாக்கும்போது தவறு நேர்ந்தால் புதிய தவறொன்றே சேரும். திருத்தும்போது தவறு நேர்ந்தால் ஏற்கனவே இருந்த உண்மை அழிந்துவிடும்.

உதாரணமாக, ஒப்பந்தகாரர் ஒருவர் மாறிவிட்டமையால் 400 குறைகளைப் புதியவரின் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர்க் கட்டத்தை மட்டும் அனுப்புவதே முறை. அதைவிடுத்து முழுப் படிவத்தையும் அனுப்பினால், அட்டவணையில் வெறுமையாகக் கிடந்த கட்டங்களெல்லாம் அமைப்பிலுள்ள விபரங்களை வெறுமையாக்கிவிடக்கூடும். பரிசோதகர் ஒருவர் வெயிலில் நின்று எழுதிய குறிப்பு, வெற்றுக் கட்டமொன்றினால் அழிந்துபோகும்.

இன்னொன்று, ஒரே நேரத்தில் இருவர் கைவைத்தல். காலையில் பட்டியலைத் தரவிறக்கி, பகல் முழுவதும் எக்செலில் மாற்றங்கள் செய்து, மாலையில் திருப்பி அனுப்புகிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைத்தளத்தில் நின்ற பொறியியலாளர் ஒரு குறையை 'ஏற்றுக்கொள்ளப்படவில்லை' என்று மாற்றியிருக்கிறார். எமது மாலை அனுப்புகை, காலை நிலையை அதன்மீது எழுதிவிடுகிறது. யாரும் தவறு செய்ய நினைக்கவில்லை; ஆனால் அவரது தீர்ப்பு காணாமல் போய்விட்டது. தரவிறக்கிய பின்னர் மாற்றப்பட்ட பதிவு எதுவோ, அதைத் தொடாமல் விட்டு மனிதரின் பார்வைக்கு ஒதுக்குமாறு நிரலை எழுத வேண்டும்.

திகதியும் தொல்லை தரும். கட்டாரில் அதிகாலை இரண்டு மணிக்குப் பதியப்பட்ட குறை, சர்வதேச நேரப்படி முதல் நாள் இரவு 11 மணிக்குரியது. நேர வேறுபாட்டைக் கவனியாது மாற்றினால் குறை கண்டுபிடிக்கப்பட்ட நாளே ஒருநாள் பின்தள்ளிவிடும். தாமதத்துக்கான நட்டஈடு நாட்கணக்கில் அறவிடப்படும் ஒப்பந்தங்களில் ஒரு நாள் என்பது சிறிய விடயமன்று.

மொத்தமாக மூடுதல்

இனி எமது பிரதான விடயத்துக்கு வருவோம். 'நிலை' என்ற கட்டமும் ஏனைய கட்டங்களைப் போன்றதே. ஒப்பந்தகாரரின் பெயரை 400 பதிவுகளில் மாற்றும் அதே கட்டளை, 400 குறைகளையும் 'மூடப்பட்டது' என்று மாற்றவும் வல்லது. அமைப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. சுவரைப் பொறுத்தவரை ஒன்றல்ல.

அவ்வாறு செய்யத் தூண்டுதல் இல்லாமலில்லை. நிர்மாண ஒப்பந்தங்களில் ஒப்பந்தகாரருக்குரிய பணத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படுவது வழமை. சர்வதேச ரீதியில் பயன்படுத்தப்படும் 'பிடிக்' அமைப்பின் 1999 ஆம் ஆண்டு ஒப்பந்த நிபந்தனைகளின்படி, அதில் பாதி கட்டடம் கையேற்கப்படும்போதும், மிகுதி குறைகளை அறிவிப்பதற்கான காலப்பகுதி முடிவடைந்த பின்னரும் விடுவிக்கப்படுகின்றது. கையளிப்பு நாள் நெருங்கும் வேளையில் திரையில் நூற்றுக்கணக்கான குறைகள் திறந்து கிடப்பதை ஒப்பந்தகாரரும் விரும்பார். திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்ட உரிமையாளரும் விரும்பார். அந்நிலையில் ஒரு கட்டளை போதும். பட்டியல் தூய்மையாகிவிடும். ஈரக்கசிவு அப்படியே இருக்கும்.

பதிவுக்கும் கட்டடத்துக்கும் இடையிலான உறவு அறுந்துபோனால் நேரக்கூடியதை உலகம் கண்டிருக்கின்றது. 2017 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் திகதி இலண்டனில் கிரென்பெல் அடுக்குமாடி தீப்பற்றி எரிந்ததில் 72 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் டேம் ஜூடித் ஹக்கிட் தலைமையில் மேற்கொள்ளப்பட்ட மீளாய்வின் இறுதி அறிக்கை 2018 மே மாதம் வெளியானது. கட்டடமொன்றின் வடிவமைப்பு முதல் அதில் மக்கள் வாழும் காலம் வரை அதன் பாதுகாப்புத் தகவல்கள் அறுபடாத 'பொன்னிழை' போலப் பேணப்பட வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் இங்கிலாந்தில் உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களுக்கு இது சட்டக் கடப்பாடாகியது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது கணினிப் பதிவில் தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள சேர்ப்சைட் நகரில் 2021 ஜூன் 24 ஆம் திகதி அடுக்குமாடிக் குடியிருப்பொன்று இடிந்து வீழ்ந்து 98 பேர் மாண்டனர். நீச்சல் தடாகப் பகுதியின் கீழுள்ள கொங்கிறீற் தளத்தில் பாரிய சேதம் ஏற்பட்டிருப்பதை 2018 ஆம் ஆண்டிலேயே பொறியியல் அறிக்கையொன்று எழுத்தில் சுட்டிக்காட்டியிருந்தது. அந்தச் சேதம் மாத்திரமே வீழ்ச்சிக்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் ஒரு குறை எழுதப்படுவதும் அது திருத்தப்படுவதும் இருவேறு விடயங்கள் என்பதை அச்சம்பவம் உணர்த்துகின்றது. எழுதப்பட்டும் திருத்தப்படாத குறை ஆபத்தானது. திருத்தப்படாமலே 'மூடப்பட்டது' என்று எழுதப்படும் குறை அதைவிட ஆபத்தானது. முன்னையதை எவரேனும் ஒருநாள் தேடிப் பார்க்கலாம்; பின்னையதை எவரும் தேடப்போவதில்லை.

செய்ய வேண்டியது யாது?

கணினியைக் குறை கூறிப் பயனில்லை. கொப்பியிலும் பொய்க்கோடு இழுக்கலாம். ஆனால் கொப்பியில் ஆயிரம் பொய்க்கோடு இழுப்பதற்கு ஆயிரம் தடவை கை அசைய வேண்டும். அந்தக் கைக்கும் ஒரு கட்டத்தில் கூச்சம் வரும். இடைமுகத்துக்குக் கூச்சம் இல்லை. எனவே மனிதர்தான் அதற்கு எல்லை வகுக்க வேண்டும்.

முதலாவதாக, நிரலுக்கு வழங்கப்படும் அதிகாரத்தைப் பிரித்து வைக்க வேண்டும். குறைகளை உருவாக்கவும், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றவும், 'முடிந்தது' என்று குறிக்கவும் நிரலை அனுமதிக்கலாம். 'மூடப்பட்டது' என்று குறிக்கும் உரிமை, நேரில் பார்த்தவரின் கணக்குக்கே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, நிரல் செய்யும் மாற்றங்கள் யாருடைய பெயரில் பதிவாகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவான இயந்திரக் கணக்கொன்றின் பெயரில் எல்லாம் பதிவானால், நாளை நீதிமன்றத்தில் பொறுப்புக்கூற ஆளிராது. எவருடைய பணிப்பின் பேரில், எந்தப் பட்டியலைக் கொண்டு மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் பதிவிலேயே எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவதாக, மொத்த மாற்றம் எதற்கும் முன்னர் அப்போதைய நிலையைப் பிரதியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். தவறு தெரியவந்தால் திரும்பிச் செல்வதற்கு அதுவே வழி.

நான்காவதாக, திருத்திய பின்னர் எடுத்த புகைப்படம் இன்றி எந்தக் குறையும் மூடப்படலாகாது. முன்னர் சொன்ன ஒரு சோறு பதம் அனுப்புவதற்குப் பொருந்தும், மூடுவதற்குப் பொருந்தாது. பானையிலுள்ள சோறு ஒரே நெருப்பில் வெந்தது. கட்டடத்திலுள்ள விரிசல்கள் அவ்வாறல்ல. பத்துக் குளியலறைகளில் கசிவு நின்றுவிட்டது என்பது பதினோராவது குளியலறைக்குச் சான்றாகாது.

எமது நாட்டில் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அதிகாரசபையொன்று உருவாக்கப்பட்டுள்ளது. அரச வீடமைப்புத் திட்டங்களாயினும் வெளிநாட்டு உதவியுடனான திட்டங்களாயினும், குறைப்பதிவுகள் கணினிமயப்படுத்தப்படும்போது இத்தகைய நிபந்தனைகளையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்வது பயனளிக்கும். கட்டி முடிந்த பின்னர் அவ்வீட்டில் வாழப்போகும் குடும்பம் அந்தத் திரையை ஒருபோதும் காணப்போவதில்லை. மாரி பிறந்து கூரை ஒழுகும்போதுதான், தமது வீட்டுக் குறை எங்கோ ஒரு பட்டியலில் 'மூடப்பட்டது' என்று கிடப்பதை அவர்கள் அறிய நேரிடும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் எம் முன்னோர். ஏடு கணினியாகி, சுரைக்காய் ஆயிரமாகப் பெருகினாலும் அந்த உண்மை மாறிவிடவில்லை. இத்துறையில் பணியாற்றும் எமது இளைஞர்கள் ஆயிரம் குறைகளை ஒரே கட்டளையில் பதியும் ஆற்றலை நன்கு கற்றுக்கொள்ளட்டும். அது காலத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும். அவ்வாறு மிச்சமாகும் நேரத்தை, ஒவ்வொரு சுவரின் முன்னாலும் சென்று நின்று கையால் தடவிப் பார்ப்பதற்குச் செலவிடுவார்களாயின், அக்கட்டடங்களில் உறங்கப்போகும் மக்களுக்கு அதுவே பேருதவியாக அமையும்.